சீட் கவர் கவுன்

டைம் கீப்பர்: ...இருங்க, இருங்க. ரெண்டு பேரும் சேர்ந்து கத்தினா எனக்கு என்ன புரியும்? என்னத்தைத் தொலைச்சீங்க, அதைச் சொல்லுங்க.

டெய்லர்: தொலைக்கலம்மா. அது பஸ்லதான் இருக்கு. நாங்கதான் இறங்கிட்டோம்.

வாட்ச்மேன்: ஆமா. அது பாட்டுக்குப் போயிக்கிட்டு இருக்கு.

டைம் கீப்பர்: எது?

டெய்லர்: ஒரு... இது.

வாட்ச்மேன்: மூட்டைன்னு வச்சுக்கங்களேன்.

டைம் கீப்பர்: நான் எதுக்கு வச்சுக்கணும்? என்ன நிறம்?

டெய்லர்: நீலம். நீலத்துல மஞ்சள் மின்னல். நடுவுல சிவப்புப் புள்ளி.

டைம் கீப்பர்: ஏங்க, அது நம்ம பஸ் சீட்டு.

டெய்லர்: அதே துணிதாம்மா. சீட்டும் நான் தச்சதுதான், அதுவும் நான் தச்சதுதான்.

டைம் கீப்பர்: உங்களைத் தெரியாதா எனக்கு? இந்த டிப்போவுல நாங்க உட்கார்ற எல்லாமே உங்க கைவேலைதான். கூட இவர் யாரு?

வாட்ச்மேன்: இவருக்கு சம்பந்திங்க. இவர் பொண்ணைத்தான் என் பையனுக்குக் கட்டியிருக்கு. பேங்க்ல வாட்ச்மேனா இருந்து ரிடையர் ஆனவன். ஆயுசு பூரா காவல் காத்திருக்கேன், ஒரு பேனா மூடி காணாமப் போனதில்ல.

டைம் கீப்பர்: இன்னைக்குப் போயிடுச்சு போல. சரி, மூட்டை எவ்வளவு உயரம்?

டெய்லர்: என் முட்டிக்கு மேல. போன மாசத்துக்கு இந்த மாசம் கொஞ்சம் கூட இருக்கும்.

டைம் கீப்பர்: மூட்டை வளருமா?

டெய்லர்: துணிதானே... இழுத்தா நீளும்.

டைம் கீப்பர்: உள்ள என்ன இருக்கு?

வாட்ச்மேன்: காலைல குடிச்ச பால்.

டெய்லர்: சம்பந்தி...

டைம் கீப்பர்: பாலா? கொட்டிடுமே.

வாட்ச்மேன்: சமயத்துல கொட்டும்.

டைம் கீப்பர்: உடையுற சாமானா?

டெய்லர்: உடையாதும்மா. அழும்.

வாட்ச்மேன்: போச்சு. கவுத்துட்டீங்க.

டைம் கீப்பர்: அந்த மூட்டைக்கு வயசு என்ன?

டெய்லர்: மூணு.

வாட்ச்மேன்: அடுத்த மாசம்தான் மூணு. சரியாச் சொல்லுங்க.

டைம் கீப்பர்: குழந்தையைப் பஸ்ல விட்டுட்டு வந்து, ரெண்டு பெரிய மனுஷங்க என்கிட்ட மூட்டைக் கதை விட்டுக்கிட்டு இருக்கீங்க.

டெய்லர்: பேத்திம்மா. குட்டின்னு கூப்பிடுவோம். முதல்ல அந்தக் கண்டக்டருக்கு ஒரு போன் போடுங்கம்மா, உங்க காலைத் தொட்டுக் கேட்கிறேன்.

டைம் கீப்பர்: என் காலை விடுங்க. பெத்தவங்களுக்குச் சொல்லியாச்சா? ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கிறீங்களே, சொல்லலை. முதல்ல அவங்களுக்குச் சொல்லுங்க. அப்புறம்தான் மத்ததெல்லாம்.

வாட்ச்மேன்: மேடம், வெளியூர் பஸ்ஸா அது? இங்கேருந்து மார்க்கெட் போயிட்டு மார்க்கெட்லேருந்து இங்க வரப்போற வண்டி. குழந்தை ஒரு ரவுண்டு வந்து இறங்கப் போகுது. அதுக்குள்ள ஊரைக் கூட்டணுமா?

டைம் கீப்பர்: ஊரை இல்லய்யா. ஆத்தாளை.

டெய்லர்: அவளுக்குத்தான்மா தெரியக்கூடாது. இன்னைக்கு எங்களுக்குப் பரீட்சை.

டைம் கீப்பர்: என்ன பரீட்சை?

டெய்லர்: மாப்பிள்ளை, குட்டியைக் காப்பகத்துல சேர்க்கணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு. காலைல விட்டா சாயங்காலம் கூட்டிக்கணும். என் பொண்ணுதான் சண்டை போட்டு, ரெண்டு தாத்தா இருக்கும்போது எதுக்குக் காப்பகம், ஒரு நாள் விட்டுப் பார்ப்போம்னு சொன்னா.

டைம் கீப்பர்: அந்த ஒரு நாள்?

வாட்ச்மேன்: இன்னைக்கு.

டைம் கீப்பர்: மணி பதினொண்ணுகூட ஆகலையே.

வாட்ச்மேன்: அதான் சொல்றேன், இன்னும் நேரம் இருக்கு. தேறிடலாம்.

டைம் கீப்பர்: எப்படிய்யா விட்டீங்க? பாக்கெட்லேருந்து விழுற சைஸா அது?

டெய்லர்: இவரைக் கேளுங்க.

வாட்ச்மேன்: என்னையா? எல்லாத்துக்கும் அந்தக் கவுன்தான் காரணம். கவுனைத் தச்சது யாரு?

டெய்லர்: கவுனுக்கு என்ன குறைச்சல்? அழுக்குத் தெரியாது, கிழியாது, சாயம் போகாது. நூறு பேர் உட்கார்ந்து எந்திரிச்சாலும் தாங்குற துணி.

வாட்ச்மேன்: குழந்தை மேல எதுக்குய்யா நூறு பேர் உட்காரப் போறான்?

டைம் கீப்பர்: ஏங்க, கடையில குழந்தைத் துணி விக்கலையா?

டெய்லர்: விக்கும். ஆனா பட்டறையில ஒவ்வொரு சீட்டுக்கும் வெட்டினது போக, ஓரத்துல இவ்வளவு துணி மிஞ்சும்மா. புதுத் துணி. குப்பைக்குப் போகுது. அதுல ஒரு கை, ஒரு கழுத்து, கொஞ்சம் சுருக்கம் வச்சா ஒரு கவுன் ஆயிடும். எனக்குப் பேத்தி பொறந்ததுலேருந்து ஒரு துண்டு வெளிய போனதில்ல.

வாட்ச்மேன்: கவுன் மட்டுமா? தொப்பி, பை, தலகாணி, மழைக்கு ரெக்ஸின்ல ஒரு கோட்டு. ஒரு கால்சட்டை தச்சாரு பாருங்க மேடம், விழுந்தா அடிபடக்கூடாதுன்னு பின்னாடி ஸ்பாஞ்ச் வச்சு. குழந்தை நடக்கவே இல்ல. எங்க நின்னாலும் உட்கார்ந்துடுச்சு.

டெய்லர்: அடிபட்டுச்சா? சொல்லுங்க, அடிபட்டுச்சா?

வாட்ச்மேன்: அதுக்கு முந்தின கவுன்ல முதுகுல எழுத்து வந்துடுச்சே, அதைச் சொல்லுங்க.

டெய்லர்: அது... துண்டு அப்படி அமைஞ்சுபோச்சு.

டைம் கீப்பர்: என்ன எழுத்து?

வாட்ச்மேன்: ‘முதியோருக்கு மட்டும்’.

டைம் கீப்பர்: ஐயோ... இருங்க, எனக்குப் புரையேறுது.

வாட்ச்மேன்: தெருவுல போறவன் எல்லாம் குழந்தைக்கு வணக்கம் வச்சுட்டுப் போறான்.

டெய்லர்: நீங்க ஒண்ணும் குடுக்காத மாதிரி பேசாதீங்க. இந்தக் கவுனுக்குப் பாக்கெட் துணி யாரோடது? இவரோட பழைய யூனிபார்ம் தைக்கும்போது மிஞ்சின காக்கி, மேடம். பத்திரமா வச்சிருந்து கொண்டுவந்து நீட்டினாரு. பேத்தி சட்டையில என் பங்கும் இருக்கணுமாம்.

வாட்ச்மேன்: இருக்கணும்தானே? நான் என்ன பக்கத்து வீட்டுக்காரனா? ஆனா அந்தக் காக்கியை இவர் உள்பக்கம் வச்சு மறைச்சுட்டாரு. வெளிய வச்சிருந்தா சீட்டுக்கும் குழந்தைக்கும் வித்தியாசம் தெரிஞ்சிருக்கும்.

டெய்லர்: வெளிய வச்சா நல்லாயில்ல சம்பந்தி. குழந்தை, டிராபிக் கான்ஸ்டபிள் மாதிரி இருந்துச்சு.

டைம் கீப்பர்: எப்படி விட்டீங்கன்னு கேட்டேன். இன்னும் பதில் வரலை.

டெய்லர்: பட்டறைக்குப் போனோம்மா, குட்டியையும் தூக்கிக்கிட்டு. கட் பீஸ் ஒரு மூட்டை சேர்ந்திருந்துச்சு, அதே துணியிலேயே சுருட்டிக் கட்டி எடுத்துக்கிட்டு பஸ் ஏறினோம். பஸ்ல குட்டி தூங்கிடுச்சு. பின்சீட்டு காலியா இருந்துச்சா, கால் நீட்டிப் படுக்கட்டும்னு அங்க படுக்க வச்சேன். வச்ச அடுத்த நிமிஷம் நானே தேடினேன்.

டைம் கீப்பர்: எதை?

டெய்லர்: குட்டியை. சீட்டோட சீட்டா போயிட்டா. மூக்கு மட்டும் தெரிஞ்சுது.

வாட்ச்மேன்: அப்பவே சுதாரிச்சிருக்கணும்.

டெய்லர்: நீங்க சுதாரிக்க விட்டீங்களா? அடுத்த கவுனுக்குக் காக்கியில காலர் வை, காலர் வைன்னு உயிரை வாங்கிட்டு வந்தீங்க. அந்தச் சண்டையிலேயே டிப்போ ஸ்டாப் வந்துடுச்சு. இறங்கிட்டோம்.

டைம் கீப்பர்: இறங்கும்போது குழந்தையை யார் தூக்கினது?

டெய்லர்: இவரு.

வாட்ச்மேன்: இவரு.

டைம் கீப்பர்: நல்லது.

வாட்ச்மேன்: மேடம், என் கண்ணால பார்த்தேன். முன்னாடி நடக்குறாரு, தோள்ல நீலத் துணி, மஞ்சள் மின்னல், சிவப்புப் புள்ளி. நான் பின்னாடி வர்றேன். குழந்தை முழிச்சுக்கக் கூடாதேன்னு தட்டிக்குடுத்துக்கிட்டே வர்றேன்.

டைம் கீப்பர்: எதைத் தட்டினீங்க?

வாட்ச்மேன்: கட் பீஸ் மூட்டையை. தாலாட்டு வேற பாடினேன்.

டெய்லர்: அந்தத் தாலாட்டுதாம்மா என்னைக் கெடுத்துச்சு. பின்னாடி ஆராரோ ஆரிரரோன்னு கேக்குது. சரி, குட்டி இவர் தோள்லதான் இருக்கான்னு நான் திரும்பிக்கூடப் பார்க்கல. இவர் குரலுக்கு யாரு திரும்பிப் பார்ப்பா?

டைம் கீப்பர்: எப்போதான் தெரிஞ்சுது?

வாட்ச்மேன்: வீட்டு வாசல்ல. கழுத்து வலிக்கப் போகுது, இறக்கிப் படுக்க வைங்கன்னேன். தொப்புன்னு தரையில போட்டாரு மேடம். எனக்கு உயிரே போயிடுச்சு. பாவி, குழந்தையை இப்படியா போடுறதுன்னு பாய்ஞ்சு தூக்கினா, உள்ளேருந்து நாலு துண்டுத் துணி விழுது.

டைம் கீப்பர்: கடவுளே.

டெய்லர்: சிரிக்காதீங்கம்மா.

டைம் கீப்பர்: நான் சிரிக்கல. இருமுறேன்.

டெய்லர்: ...ஐயய்யோ. போன் அடிக்குது. பொண்ணு.

வாட்ச்மேன்: எடுக்காதீங்க.

டெய்லர்: எடுக்கலைன்னா சந்தேகப்படுவா.

வாட்ச்மேன்: அப்ப எடுங்க.

டெய்லர்: எடுத்து என்ன சொல்ல?

வாட்ச்மேன்: எடுங்க, தானா வரும்.

டைம் கீப்பர்: ஸ்பீக்கர்ல போடுங்க. என் ரூம்ல நின்னு என்ன பேசுறீங்கன்னு எனக்கும் தெரியணும்.

மகள்: அப்பா? குட்டி என்னப்பா பண்றா?

டெய்லர்: குட்டியா... தூங்குறாம்மா.

மகள்: எங்க?

டெய்லர்: படுத்துக்கிட்டு.

மகள்: எங்க படுத்திருக்கான்னு கேட்டேன்.

வாட்ச்மேன்: சீட்லம்மா.

மகள்: மாமாவா? சீட்லயா?

டெய்லர்: நான் தைக்கிற சீட்டுதான் கண்ணு. வீட்ல ஒண்ணு கிடந்துச்சு. மெத்துமெத்துன்னு இருக்கா, சுகமா தூங்குறா.

மகள்: அது என்னப்பா ஹாரன் சத்தம்?

வாட்ச்மேன்: டிவிம்மா.

மகள்: டிவியில என்ன ஓடுது?

வாட்ச்மேன்: பஸ்.

மகள்: பஸ் ஓடுதா?

வாட்ச்மேன்: பஸ் பத்தின ஒரு நிகழ்ச்சி. நல்லா இருக்கு.

மகள்: ம்... சரி. எந்திரிச்சதும் அவளைப் பேச வைங்க. அவ குரல் கேட்காம என்னமோ மாதிரி இருக்கு.

டெய்லர்: சரிம்மா.

மகள்: அப்பா, வேற ஒண்ணும் இல்லையே?

டெய்லர்: ...ஒண்ணும் இல்லம்மா. நீ வேலையைப் பாரு.

வாட்ச்மேன்: வச்சுட்டாளா?

டெய்லர்: வச்சுட்டா.

வாட்ச்மேன்: பிரமாதம். பொய்யே இல்ல பாருங்க. சீட்லதான் படுத்திருக்கு, தூங்குது, பஸ் ஓடுது. எல்லாமே நிஜம்.

டைம் கீப்பர்: வெக்கமா இல்ல?

டெய்லர்: இருக்கும்மா. கண்டக்டருக்குப் போன் போடுங்கம்மா.

டைம் கீப்பர்: அவர்கிட்ட அப்பவே பேசிட்டேன். வண்டியில குழந்தை இல்லை.

டெய்லர்: இல்லையா?

டைம் கீப்பர்: இல்லையாம்.

டெய்லர்: இருக்கும்மா. அவர் கண்ணால பார்த்திருப்பாரு. கண்ணால பார்த்தா தெரியாது. சீட்டுச் சீட்டா கையால தடவிப் பார்க்கச் சொல்லுங்க. சூடா இருந்தா குட்டி, இல்லேன்னா சீட்டு.

டைம் கீப்பர்: முதல்ல பொண்ணுக்குச் சொல்லுங்க.

வாட்ச்மேன்: மேடம், அதோ, உள்ள வருதே, அதே வண்டி. கண்ணாடியில விரிசல் இருக்கு பாருங்க. சம்பந்தி, வாங்க. கையைக் குடுங்க. படி. இன்னொரு படி.

டெய்லர்: கண்டக்டர் எங்க?

வாட்ச்மேன்: டீக்கடைப் பக்கம் போறாரு, விடுங்க. நீங்க அந்த வரிசை, நான் இந்த வரிசை. தடவிக்கிட்டே வாங்க.

டெய்லர்: இது சீட்டு... இதுவும் சீட்டு... குட்டிம்மா... இது சீட்டு...

வாட்ச்மேன்: இங்க சூடா இருக்கு.

டெய்லர்: இருக்கா?

வாட்ச்மேன்: ...இல்ல. யாரோ உட்கார்ந்துட்டுப் போயிருக்கான்.

டெய்லர்: இதுலதான் படுக்க வச்சேன். இதே சீட்டு. தையல் கொஞ்சம் கோணலா இருக்கு பாருங்க, எனக்குக் காய்ச்சல் வந்தப்போ தச்சது. இதுலதான்... அடியில பாருங்க.

வாட்ச்மேன்: பார்த்துட்டேன். வாழைப்பழத் தோல் கிடக்கு.

டெய்லர்: மறுபடி பாருங்க.

வாட்ச்மேன்: சம்பந்தி... இல்ல. குட்டி இல்ல.

டெய்லர்: யாரோ தூக்கிட்டுப் போயிட்டான்.

வாட்ச்மேன்: வாயைக் கழுவுங்க.

டெய்லர்: நான் என்ன மனுஷன். மூணு காசு துணியை வீணாக்க மனசு வராம, குழந்தையைக் கண்ணுக்குத் தெரியாம பண்ணிட்டேனே.

வாட்ச்மேன்: உட்காருங்க. மூச்சை விடுங்க முதல்ல.

டெய்லர்: அவ வர்றதுக்கு முன்னாடி நான் யார்கூடப் பேசினேன் தெரியுமா? மெஷின்கூட. எண்ணெய் போதுமா, ஊசி வலிக்குதான்னு. அவ வந்தப்புறம்தான் ஒரு அளவு எடுக்கிறதுக்கு அரை நாள் ஆச்சு. நிக்கவே மாட்டா. டேப்பைப் புடுங்கிட்டு என்னை அளப்பா. தாத்தா மூணு, தாத்தா எட்டும்பா.

வாட்ச்மேன்: எனக்கு மட்டும் யார் இருக்கா? ரிடையர் ஆனதுலேருந்து நான் பார்த்துக்கன்னு உலகத்துல ஒரு சாமான் கிடையாது. பூட்டின கதவைத் திரும்பத் திரும்பப் போய் இழுத்துப் பார்த்துக்கிட்டு இருந்தவன் நான். கடைசியில இவ ஒருத்தி கிடைச்சா.

டெய்லர்: போன் அடிக்குது.

வாட்ச்மேன்: குடுங்க. நான் பேசறேன். உங்களால முடியாது... ஹலோ, ஆமாம்மா, மாமாதான். குட்டியா? இப்பதான் எந்திரிச்சா. மூஞ்சி கழுவி விட்டேன். பால் குடிச்சுக்கிட்டு...

டெய்லர்: போதும் சம்பந்தி. இங்க குடுங்க.

வாட்ச்மேன்: யோசிச்சுப் பேசுங்க. சொன்னா நாளைக்கே காப்பகம்.

டெய்லர்: தெரியும். ஸ்பீக்கரைப் போடுங்க, எனக்குக் காது அடைக்குது. அம்மாடி... குட்டி எங்ககிட்ட இல்ல. பஸ்ல விட்டுட்டு இறங்கிட்டோம். வண்டி வந்துடுச்சு, அவ வண்டியில இல்ல. கொஞ்சம் முன்னாடி கேட்டியே, அப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா அவளை எங்ககிட்ட விடமாட்டீங்களேன்னு பயந்து பொய் சொன்னேன். நீ அவளை எங்க சேர்க்கணுமோ சேர்த்துக்க. என்னை வீட்டுப் பக்கமே வராதேன்னாலும் சரி. முதல்ல போலீசுக்குப் போ. மாப்பிள்ளையைக் கூப்பிடு. நீல கவுன்னு சொல்லு. தலையில ரெண்டு குடுமி, ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. உங்க மாமா போட்டது.

வாட்ச்மேன்: ஒத்தையா பழியைத் தூக்காதீங்க. நானும்தாம்மா. டிவி, பஸ்சு எல்லாம் நான் சொன்னது. ஆயுசுல முதல் தடவையா காவலை விட்டுட்டேன். அதுவும் இதுலயா விடணும்.

மகள்: அப்பா... அழுறீங்களா?

டெய்லர்: இல்ல.

வாட்ச்மேன்: அழுறாரும்மா. கவுன் துணியில கண்ணைத் துடைச்சுக்கிட்டு.

டெய்லர்: அது சீட்டு.

மகள்: நல்லா அழுங்க. உங்க பேத்தி என் மடியிலதான் உட்கார்ந்திருக்கா. பிஸ்கட் தின்னுக்கிட்டு.

டெய்லர்: ...என்ன சொன்ன?

மகள்: குட்டி, தாத்தாகிட்டப் பேசு. பேசமாட்டாளாம், வாய் நிறைய பிஸ்கட்.

வாட்ச்மேன்: எப்போலேருந்தும்மா உன்கிட்ட இருக்கா?

மகள்: நீங்க டிவியில பஸ் பார்த்துக்கிட்டு இருந்தீங்களே மாமா, அப்பலேருந்து. கண்டக்டர்தான் போன் பண்ணாரு. எங்க ஆபீஸ் வாசல்லதானே ஸ்டாப்பு, ஓடிப்போய் இறக்கிக்கிட்டேன். அப்புறம் டிப்போவுக்குப் பேசினேன். ரெண்டு பேர் வருவாங்க, அவங்களா என்கிட்ட உண்மையைச் சொல்றவரைக்கும் நீங்க வாயைத் திறக்காதீங்கன்னு டைம் கீப்பர் அம்மாகிட்ட சொல்லி வச்சேன்.

டெய்லர்: டைம் கீப்பரம்மா, பஸ் ஜன்னல்கிட்ட நிக்கிறீங்களே, உங்களுக்கு முதல்லேருந்தே தெரியுமா?

டைம் கீப்பர்: தெரியும். அதான் தலையா அடிச்சுக்கிட்டேனே, பொண்ணுக்குச் சொல்லுங்க, பொண்ணுக்குச் சொல்லுங்கன்னு.

வாட்ச்மேன்: மூட்டை வளருமான்னு கேட்டீங்களே மேடம்.

டைம் கீப்பர்: காலைலேருந்து எனக்கும் பொழுது போகணும்ல.

டெய்லர்: கண்டக்டருக்கு உன் நம்பர் எப்படிம்மா தெரியும்?

மகள்: கவுன் கழுத்துக்கு உள்பக்கம் நூல்ல தச்சிருக்கேன்.

டெய்லர்: என் கவுன்லயா? நான் பார்க்கலையே.

மகள்: கோணல்மாணலா இருக்கும். உங்க கண்ணுல பட்டா பிரிச்சுடுவீங்கன்னுதான் காட்டலை.

டெய்லர்: அப்ப... நாளைலேருந்து காப்பகமா?

மகள்: காலைல எட்டு மணிக்குக் கொண்டுவந்து விடுறேன். ரெண்டு பேரும் குளிச்சுட்டு ரெடியா இருங்க. இனிமே பஸ்ல போறதா இருந்தா அவளுக்கு வேற துணி.

வாட்ச்மேன்: கோபமே இல்லையாம்மா? என் பையன் என்ன சொல்லுவான்?

மகள்: அவருக்கு எதுக்கு மாமா தெரியணும்?

டெய்லர்: இரு. நீ இப்படிச் சுலபமா விடுற ஆளே இல்லையே. அந்த நம்பரை எப்போ தச்ச?

மகள்: ...போன வாரம்.

டெய்லர்: போன வாரம் என்னாச்சு?

மகள்: நானும் அவளை அதே கவுனோட பஸ்ல விட்டுட்டு இறங்கிட்டேன்ப்பா... உங்க மாப்பிள்ளைக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா, குட்டியை உங்ககிட்ட விட்டுட்டு என்னைக் கொண்டுபோய்க் காப்பகத்துல சேர்த்துடுவாரு.